பலகையின் அடிப்பக்கம்

நாற்காலி முனகியது.

காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் மூப்பர் நீளமாக ஜெபித்து, "ஆமென்" என்று முடித்துத் தன் நாற்காலியைச் சற்றே பின்னுக்குத் தள்ளினார். அவ்வளவுதான். மேஜையின் எதிர்க்கோடியில், யாரும் உட்காராத அந்த இன்னொரு நாற்காலி 'கிர்ரக்' என்று ஒரு தடவை முனகிவிட்டு ஓய்ந்தது.

மூப்பரின் கையிலிருந்த தேநீர் தளும்பி மேஜையில் சிந்தியது.

"மரம் சுருங்குது," என்றாள் அம்மா, துணியால் துடைத்துக்கொண்டே.

"நாலு வருஷமாவாம்மா சுருங்கும்? இந்நேரம் அது முக்காலியா ஆகியிருக்கணுமே," என்றாள் பாப்பா.

யாரும் சிரிக்கவில்லை. பாப்பாவுக்கே சிரிப்பு வரவில்லை.

முப்பத்தாறு வயது அவளுக்கு. மருத்துவமனையில் ஒரு வார்டையே ஆட்டிவைக்கிற நர்ஸ். இந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் பாப்பா. அப்பாவுக்குப் பதவி கிடைக்கப் போகிறதே, பக்கத்தில் இருக்கலாம் என்று இரண்டு நாள் லீவு போட்டு, மருத்துவமனை விடுதியிலிருந்து வந்திருந்தாள்.

ஆமாம், நாளை ஞாயிற்றுக்கிழமை. சபையே பார்க்க, தலையில் கை வைத்து ஜெபித்து, மரப்பட்டறைக்கார மூப்பரைத் தலைமை மூப்பராக ஏற்படுத்தப் போகிறார்கள். போன ஞாயிறு அதை அறிவித்தபோது ஆலயமே கைதட்டியது. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற ஒரே ஒருத்தி தட்டவில்லை. ஆலயத்தைக் கூட்டித் துடைக்கிற பெண். கையிலிருந்த துணியை நான்காக மடித்து வாளியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அதைப் பார்த்தவள் பாப்பா மட்டும்தான். பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஏனென்றால், அந்தப் பெண், பட்டறையில் அடிபட்டுச் செத்துப்போன பென்சிலுடைய அக்கா.

"மேஜை ஓரம் உரிஞ்சு போச்சு," என்றாள் அம்மா, பேச்சை மாற்றுகிறவள் போல. "ஒரு கை பழுப்பு வார்னிஷ் அடிக்கணும்."

"பட்டறையிலேருந்து ஆள் அனுப்பறேன்."

"ஆளா? உங்க பட்டறை மொத வருஷம் யாரு அடிச்ச வார்னிஷ்ல ஓடுச்சு? அலமாரிக்குக் கீழ டப்பா இருக்கு, பிரஷ் இருக்கு. நானே அடிச்சுக்கறேன். நீங்க போயி நாளைக்கு என்ன பேசணும்னு யோசிங்க."

மூப்பர் எழுந்தார். அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, அதில் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி ஒதுங்கிப் போவாரோ அப்படி ஒதுங்கிப் போனார்.

அந்த நாற்காலியைச் சபை முழுக்கத் தெரியும். ஆண்டவருக்கென்று விட்ட இடம். அதற்கு நேராக மேஜையில் ஒரு வெள்ளைத் தட்டு, எப்போதும் காலியாக. விருந்தாளிகள் வந்தால் அதைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். 'நம்ம பட்டறையில வேலை பார்த்த அந்தத் தம்பி கடைசியா செஞ்ச நாற்காலிங்க. விற்க மனசு வரல. ஆண்டவருக்கே விட்டுட்டேன்' என்று மூப்பர் சொல்வார். குரல் தழுதழுக்கும். அது நடிப்பு என்று சொன்னால் பாவம். குரல் நிஜமாகவே தழுதழுக்கும்.

அந்தத் தம்பிதான் பென்சில். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பான், அதுவே பெயராகிவிட்டது. ஆலயத்துக்கு இருபத்து நான்கு பெஞ்சு செய்கிற வேலை மும்முரமாக நடந்த வாரத்தில், ரம்ப மெஷினில் கொடுத்த பலகை திருப்பி உதைத்து அவன் அடிவயிற்றில் பாய்ந்தது. மெஷினுக்கு மேல் இருக்க வேண்டிய மூடி இல்லை. அது அவன் வேலை செய்யும் மேஜைக்குக் கீழே கிடந்தது. தானே கழற்றிப் போட்டிருக்கிறான், கவனக்குறைவு என்று விசாரணையை முடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு வார்டில் இருந்தவள் பாப்பா. 'எப்படி ஆச்சு?' என்று கேட்டாள். 'அவனே மூடியைக் கழட்டிட்டான்மா' என்றார் அப்பா. அதை அப்படியே நோயாளியின் தாளில் எழுதினாள். விசாரணைக்காரர்கள் முதலில் கேட்டு வாங்கியது அந்தத் தாளைத்தான்.

சாயங்காலம் பென்சில் கண் திறந்தான். 'மூப்பரைத் திட்டாதீங்க சிஸ்டர்' என்றான். அப்புறம் திறக்கவில்லை.

ஏன் திட்டவேண்டும்? நான்கு வருடமாக அந்த ஒரு கேள்வி பாப்பாவின் கூடவே படுத்து, கூடவே எழுந்திருந்தது.

*

ஆலயத்தில் தரை கழுவுகிற நாள். பின்வரிசைப் பெஞ்சுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து, கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தன. ஈர வாசனை. யாரும் தெரியவில்லை.

"அக்கா?"

"கீழ பாரு பாப்பா. மிதிச்சுடாதே."

இன்னும் கவிழ்க்காத ஒரு பெஞ்சுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டியிருந்தன. அக்கா மல்லாக்கப் படுத்து, மழுங்கின கத்தியால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சுயிங்கம். பரலோகம் போறவங்க எல்லாம் வாயில இருக்கறதை இங்க ஒட்டிட்டுப் போறாங்க. பாடகர் குழு வரிசையிலதான் அதிகம். வாயைத் திறந்து பாடணும்ல?"

பாப்பா சிரித்தாள். சிரித்ததும் தைரியம் வந்தது.

"போன வாரம் ஏன்க்கா வெளிய போயிட்டீங்க?"

சுரண்டல் நின்றது. அக்கா கேட்டாள்: "உனக்குப் படிக்கக் கண்ணாடி வேணுமா?"

"இல்லையே."

"அப்ப வந்து பக்கத்துல படு. சேலை நனைஞ்சா காயும்."

பாப்பா படுத்தாள். முகத்துக்கு ஒரு முழ உயரத்தில் பெஞ்சின் அடிப்பக்கம். மேலே பளபளக்கிற அதே பலகை, கீழே இழைக்காமல், வார்னிஷ் காணாமல், வெறும் மரமாக இருந்தது. அதில் பென்சிலால் எழுத்து. வரி வரியாக.

"உங்கப்பா பட்டறையில பேசக்கூடாதுல்ல? பக்திப் பாட்டு ஓடணும், கை ஓடணும், வாய் மட்டும் ஓடக்கூடாது. எத்தனை நேரம் மனுஷன் வாயை மூடிட்டு இருப்பான்? எழுதிக்கிட்டாங்க. அடியில எழுதினா யாரு பார்க்கப் போறா? இருபத்து நாலு பெஞ்சுலயும் இருக்கு. படி."

பாப்பா படித்தாள். 'மூப்பர் ஜெபம் இன்றைக்கு இருபத்தெட்டு நிமிஷம். டீ ஆறிவிட்டது.' அதற்குக் கீழே வேறு கையெழுத்து: 'பென்சிலே, என் உளியை எடுத்தது நீதானே?' அதற்குப் பதில்: 'அது உளியா? வெண்ணெயில் இறக்கினாலே வளையும். உனக்கு நல்லதுதான் செய்தேன்.'

பாப்பாவுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு வந்தது.

"என் தம்பி எழுத்து அது," என்றாள் அக்கா. "மொத தடவை பார்த்தப்ப கத்தியைக் கீழ போட்டுட்டேன். செத்துப் போனவன் பேசறான். அதுவும் ஜோக்கடிக்கறான். அன்னிக்குத் தரையும் துடைக்கல, ஒண்ணும் துடைக்கல. இப்படியே படுத்துக் கிடந்தேன். அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு பெஞ்சுன்னு வச்சுக்கிட்டேன். சீக்கிரம் தீர்ந்துடக்கூடாதுல்ல?"

"எழுத்தை அழிக்கலையாக்கா?"

"சுத்தி மட்டும் துடைப்பேன்." அக்கா நகர்ந்து வெளியே வந்து முழங்கையில் ஊன்றினாள். "இப்ப அந்த மூணாவது பெஞ்சு. உங்கப்பா உட்காருற இடம். போய்ப் படி."

மூன்றாவது பெஞ்சு. வழிப்பாதையை ஒட்டின ஓரம். பாப்பா முழங்காலில் நகர்ந்து, தலையை உள்ளே விட்டாள்.

'ரம்பத்துக்கு மூடி இல்லை. பெஞ்சுப் பலகை தடிமன், மூடிக்குள் போகவில்லை என்று மூப்பர் கழற்றிவிட்டார். பலகை உதைக்கிறது. நேரே நிற்காதே, ஓரமாக நில். எல்லாருக்கும் சொல்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதே எழுத்துகள்தான் இருந்தன. வெளியே தெருவில் ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"எத்தனை நாளாத் தெரியும்?" அவள் குரல் பெஞ்சுக்குள் எதிரொலித்து வேறு யாருடையதோ போல் கேட்டது.

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா! ஏன்க்கா யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? உங்கப்பாவே சொல்லுவாருன்னு பார்த்தேன். ஆண்டவர் செஞ்சதைச் சொல்ற சாட்சி நேரம்னு வாராவாரம் எழுந்து நிப்பார்ல? இந்த வாரம் சொல்லிடுவார்னு நானும் பின்னால நின்னு காதைத் தீட்டிக்கிட்டு கேட்பேன். வண்டி தப்பிச்சது சொல்லுவார். காய்ச்சல் விட்டது சொல்லுவார். ஒரு தடவை தொலைஞ்ச சாவி கிடைச்சதைப் பத்திப் பத்து நிமிஷம் சொன்னார். எழுந்து நிக்கறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும் பாப்பா. உட்கார்ந்ததும் துணியைப் பிழிவேன்."

பாப்பா பெஞ்சுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தாள்.

"என் தம்பியைப் பிரசங்கத்துல உதாரணமாக்கினாங்க தெரியுமா? கவனமில்லாத வேலைக்காரன் எப்படி அழிவான்னு. குடிச்சிருப்பான்னுகூட வாசல்ல நின்னு பேசினாங்க. டீக்குச் சர்க்கரைகூட வேண்டாம்பான் அவன். அவனைப் போயி." அக்கா கத்தியை விரலால் துடைத்தாள். "எனக்கு உங்கப்பா மாதிரி ஜெபம் பண்ண வராது. தரையைத் துடைக்கும்போது ரெண்டு வார்த்தை ஆண்டவர்கிட்ட பேசுவேன், அவ்வளவுதான். உங்கப்பாவை வெறுத்துடாம என்னைப் பார்த்துக்கோன்னுதான் கேட்பேன். நேத்து வரைக்கும் பார்த்துக்கிட்டார்."

"நாளைக்கு?"

"நாளைக்கு அவர் தலையில கை வைக்கும்போது நான் பின்னால வாளியோட நிக்க மாட்டேன். நாலு மணிக்கு ஆலயச் சாவியை உங்க வீட்டுல கொண்டாந்து கொடுத்துடறேன். வேற ஆள் பார்த்துக்கச் சொல்லு."

"எங்கப்பா என்ன செய்யணும்னு நினைக்கறீங்கக்கா?"

"என் தம்பி பேரைச் சுத்தம் பண்ணணும். எல்லார் முன்னாலயும் அழுக்காக்கினதை எல்லார் முன்னாலயும்தானே துடைக்கணும்? நான் அவருக்கு ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல. தரை துடைக்கறவ, எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

*

பட்டறையில் அரைநாள் வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். பாட்டுப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூப்பர் ரம்ப மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக அதில் ஒரு பலகைகூட அறுத்ததில்லை. அறுப்பதற்கு வேறு மெஷின் வாங்கிவிட்டார். இதை விற்கவும் மாட்டார், தினம் துடைப்பார். மூடி அதன் இடத்தில் இறுக்கமாக இருந்தது.

பாப்பா பாட்டை நிறுத்தினாள்.

"மூடியை யாருப்பா கழட்டினது?"

எண்ணெய்க் குப்பியின் மூக்கு ஒரே இடத்தில் நின்று சொட்டியது.

"இப்ப எதுக்கும்மா அது? விசாரணை முடிஞ்சு போச்சு. நாளைக்கு நல்ல காரியம் நடக்கப் போற நேரத்துல சாத்தான் இப்படித்தான் பழசைக் கிளறுவான்."

"சாத்தான் இல்லப்பா. பென்சில் எழுதி வச்சிருக்கார். மூணாவது பெஞ்சுல, நீங்க உட்காருற இடத்துக்கு நேர் கீழ. நாலு வருஷமா அது மேலதான் உட்கார்ந்து ஜெபம் பண்றீங்க."

அவள் சொன்னாள். அடிப்பலகைகளைப் பற்றி, உளி ஜோக்கைப் பற்றி, டீ ஆறினதைப் பற்றி, மூடியைப் பற்றி. மூப்பர் மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதுவாங்களா? அடியிலயா?"

"நீங்கதான் பேசவிட மாட்டீங்களே."

அவர் தலை குனிந்தது. நிமிர்ந்தபோது ஜெபக் குரல் போய், ஏதோ ஒரு கிழவனுடைய குரல் வந்தது.

"நான்தான் கழட்டினேன். தடிச்ச பலகை, உள்ள போகல. ஆலயப் பிரதிஷ்டைக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருந்துச்சு. ரெண்டு நாள்ல திருப்பி மாட்டிடலாம்னு ஆணியில தொங்கவிட்டேன். ஆண்டவர் வேலைதானே, அவர் பார்த்துப்பார்னு நினைச்சேன்."

"ஆணியில தொங்கினது எப்படிப்பா பென்சில் மேஜைக்குக் கீழ போச்சு?"

மூப்பர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"அப்பா."

"நான்தான் வச்சேன்." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அவனை வண்டியில ஏத்தினதும் உள்ள வந்தேன். ஆணியைப் பார்த்தேன். என் கைதான் எடுத்துச்சு. என் கைதான் வச்சுச்சு. அப்பறம் கையைக் கழுவிட்டு உன்கிட்ட வந்தேன்."

"என்கிட்ட வந்து பொய் சொன்னீங்க. நான் எழுதினேன். என் கையெழுத்துப்பா அதுல."

"ஆண்டவர்கிட்ட அழுதுட்டேன் பாப்பா! ஒரு நாள் பாக்கியில்லாம முழங்கால்ல நின்னு அழறேன். அவர் என்னை மன்னிச்சுட்டார்."

"மன்னிச்சுட்டாரா? அப்ப நாற்காலி முனகினா ஏன் உங்க கை நடுங்குது?"

அவர் தன் கையைப் பார்த்தார்.

"அதுல ஆண்டவர் உட்கார்ந்திருக்கார்னு நீங்க ஒரு நாளாவது நினைச்சீங்களாப்பா? யாரு உட்கார்ந்திருக்கார்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னால அவர்கிட்டதான் அவ்வளவு நேரம் பேசறீங்க."

மூப்பர் முகத்தில் மெல்ல வேறொரு பயம் ஏறியது. பாப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னவென்று அவளுக்கு முதலில் புரியவில்லை.

"எல்லாத்துலயுமா எழுதினான்?" என்றார் மூப்பர். "அன்னிக்குக் காலைல அவன் கையில இருந்தது அந்த நாற்காலிதானே."

*

"தூக்காதீங்க," என்றாள் அம்மா.

மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். கையில் வார்னிஷ் பிரஷ். மேஜை ஓரம் ஈரமாகப் பளபளத்தது.

"தள்ளு."

"தள்ள மாட்டேன். நீங்க தூக்கத்துல உளறினப்பவே எனக்குத் தெரியும். மூடி, மூடின்னு. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? அந்த மனுஷன் திரும்பி வரப் போறானா? பட்டறையை நம்பி பதினோரு குடும்பம். நாளைக்கு இந்நேரம் நம்ம வாசல்ல யாரும் நிக்க மாட்டாங்க, தெரியுமில்ல? உங்க மனசு லேசாகும். எங்க தலை எங்க போகும்?"

"அம்மா, அவங்க தலை நாலு வருஷமாக் குனிஞ்சு தரை துடைக்குது," என்றாள் பாப்பா.

"நீ பேசாதே! எழுதினவ நீ. உன் வேலையும் போகும்."

அது பாப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"போகட்டும்மா," என்றாள்.

மூப்பர் அம்மாவின் தோளைப் பிடித்து, மெதுவாக, பண்டத்தை நகர்த்துவதுபோல் நகர்த்தினார். நாற்காலியைத் தூக்கினார். இடது பின்கால் தனியாக ஆடியது. கிர்ரக்.

கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். நான்கு வருடத் தூசி. மேலே மட்டும்தானே துடைத்தார்கள். அவர் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். எழுத்து தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், கழற்றினார், பாப்பாவிடம் திரும்பினார்.

"நீ படிம்மா."

பாப்பா படித்தாள்.

"'இடது பின்கால் இன்னும் ஒட்டலை. யாரும் உட்கார வேண்டாம்.'"

மூப்பர் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார். தச்சனுக்கு ஒரு தொடல் போதும். காலும் பலகையும் சேரும் கூடுவாயில் பசையே இல்லை. வெறுமனே செருகி வைத்திருந்தது. அவர் தன் நாற்காலியைத் தள்ளும்போதெல்லாம் தரைப்பலகை அசைந்து, இந்தக் கால் முனகியிருக்கிறது. வேறொன்றுமில்லை. நான்கு வருடப் பயம், ஒரு சொட்டுப் பசை.

"இன்னும் இருக்கா?" என்றார்.

இருந்தது. பாப்பா குனிந்து படித்தாள்.

"'மூடி விஷயம் மூப்பர்கிட்ட மூணு தடவை சொல்லியாச்சு. பெஞ்சு வேலை கழுத்தை நெரிக்குது, மறந்துடறார். சாயங்காலம் இன்னொரு தடவை சொல்லணும். கோபிக்க மாட்டார். நல்ல மனுஷன்.'"

மூப்பர் அழவில்லை. வழக்கமாக அழுகிற மனிதர், அன்றைக்கு அழவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஈர வார்னிஷில் நான்கு விரல் பதிந்தது.

"திட்டியிருக்கலாமே," என்றார். "கழுத்தை நெரிச்சிருக்கலாமே. நல்ல மனுஷன்னு எழுதிட்டுப் போயிட்டானே."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாலு மணி.

*

பென்சிலுடைய அக்கா வாசலிலேயே நின்றாள். இந்த வீட்டுக்குள் அவள் வந்ததே இல்லை. கையில் வளையம் போட்ட சாவிக்கொத்து. மேஜைமேல் கால்களை நீட்டிக்கொண்டு கிடந்த நாற்காலியைத்தான் அவள் முதலில் பார்த்தாள். அதன் அடியில் இருந்த எழுத்தை அடுத்துப் பார்த்தாள். உள்ளே வந்தாள். யாரும் அழைக்கவில்லை.

நின்றபடியே படித்தாள். 'நல்ல மனுஷன்' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது எனக்குத் தெரியாது," என்றாள். "இதை நான் படிச்சதில்ல."

"உட்காருங்க," என்றார் மூப்பர். இத்தனை வருடத்தில் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நிக்கறேன் மூப்பரே. பழக்கம்."

அவர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டார். ஜெபத்துக்குக் கூப்பவும் இல்லை, நெஞ்சில் வைக்கவும் இல்லை.

"மூடியைக் கழட்டினது நான். அவன் மேஜைக்குக் கீழ வச்சதும் நான்."

அடுப்படிப் பக்கத்தில் அம்மா எதையோ கீழே வைத்த சத்தம் கேட்டது.

அக்கா தலையசைத்தாள். "கழட்டினது தெரியும், மூணாவது பெஞ்சு அடியில அவனே எழுதியிருக்கான். வச்சது இப்பதான் தெரியுது." குரல் உயரவில்லை. ஆனால் பாப்பாவுக்கு, வார்டில் எத்தனையோ அலறல் கேட்டவளுக்கு, அப்படி ஒரு குரலைக் கேட்ட ஞாபகம் இல்லை. "நல்ல மனுஷன்னு எழுதின கையைப் பிடிச்சு ஆண்டவர்தான் நிறுத்தியிருக்கணும்."

"என்னை மன்னிக்கணும்னு கேட்க எனக்கு வாய் வரல."

"கேட்காதீங்க. நாளைக்கு அங்க வந்து சொல்லுங்க. தலையில கை வைக்கறதுக்கு முன்னாடி சொல்லணும், அப்பறம் இல்ல. சொன்னா, நான் எங்க தம்பி பேரைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போவேன். அதுக்கப்பறம் உங்களுக்கும் எனக்கும் என்னன்னு நானும் ஆண்டவரும் பேசிக்கறோம். அது கொஞ்ச நாளாகும்."

"சொல்றேன்."

"பார்க்கலாம்."

சாவியை எங்கே வைப்பது என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜை ஓரம் ஈரம். சற்று உள்ளே தள்ளி அந்தக் காலித் தட்டு இருந்தது. அதில் வைத்தாள். வெள்ளைத் தட்டில் இரும்பு விழுந்த ஓசை வீடு முழுக்கக் கேட்டது.

"தட்டு யாருக்குன்னு எனக்குத் தெரியாது. இப்ப காலியில்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாப்பா தெருமுனை வரை கூடவே போனாள். பிரியும் இடத்தில், "அந்தத் தாள்ல எழுதினது நான்தான்க்கா. நாளைக்கு நானும் சொல்லிடறேன்," என்றாள் பாப்பா. அக்கா அவள் கன்னத்தில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். உள்ளங்கை சோப்பு வாசனையடித்தது.

திரும்பி வந்தபோது மூப்பர் வீட்டுக்குப் பின்பக்கம் இருந்தார். நாற்காலிக் காலைக் கழற்றி, கூடுவாயைச் சுரண்டி, பசை தடவி, இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். அடிப்பலகையின் எழுத்தில் பசை படாமல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்திருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் கை நடுங்காமல் வேலை செய்வதைப் பார்த்தாள்.

"காலைல காய்ஞ்சிடும்," என்றார். "இதை நாளைக்கு அங்க எடுத்துட்டுப் போகணும். கவிழ்த்தே கொண்டுபோகணும். அப்பறம் அந்த மூணாவது பெஞ்சையும் கவிழ்க்கச் சொல்லணும். நான் நடுவுல தடுமாறினா, அது பேசும்."

"தடுமாற மாட்டீங்கப்பா."

"தடுமாறுவேன் பாப்பா. என்னை எனக்குத் தெரியும். அதனாலதான் அந்தப் பெஞ்சு வேணும்."

பாப்பா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

"அம்மா?"

அடுப்படியில் இல்லை. அறையில் இல்லை. வாசலில் அம்மாவின் செருப்பு இல்லை.

மேஜையைப் பார்த்தாள். தட்டு காலியாக இருந்தது.

குனிந்து அலமாரிக்குக் கீழே பார்த்தாள். டப்பா வைத்திருந்த இடத்தில் ஒரு வட்டம், பழுப்பாக. பிரஷும் இல்லை.

"அப்பா!" அவள் பின்பக்கம் ஓடினாள். "சாவியைக் காணோம். வார்னிஷ் டப்பாவையும் காணோம். பெஞ்சு எழுத்து மேல பூச அம்மா ஆலயத்துக்குப் போயிருக்காங்க!"

மூப்பர் கிளாம்பிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்தார்.

அந்த முகத்தில் கோபம் வரும் என்று பாப்பா எதிர்பார்த்தாள். பதற்றம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவை வருவதற்கு முன்னால், ஒரே ஒரு கணம், வேறொன்று வந்து போனது.

நிம்மதி.

அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"என் செருப்பு எங்க?" என்றார் மூப்பர், தலை குனிந்தபடி.

செருப்பு அவள் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்தாள். கொடுக்காமல் அப்படியே நின்றாள். அப்பா ஆலயத்துக்கு ஓடப் போவது அம்மாவின் கையைப் பிடிக்கவா, அம்மா அடித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே நிற்கவா?

"சீக்கிரம் கொடு பாப்பா," என்றார் அவர். குரலில் எதுவும் தெரியவில்லை.

பின்னால், கிளாம்பின் பிடியில், நாற்காலி சத்தமே போடாமல் இருந்தது.